ஐ.பி. போடப் போகிறீர்களா? வக்கீல் ஆபீஸ் படியேறுவதற்கு முன்

ஊரில் யாரைப் பற்றியாவது 'மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டாராம்' என்று பேச்சு வந்தால், கேட்பவர் முகத்தில் கொஞ்சம் இளக்காரமும் கொஞ்சம் பொறாமையும் சேர்ந்தே தெரியும். இளக்காரம் சரி, பொறாமை எதற்கு? ஐ.பி. என்கிற திவால் மனுவைப் போட்டதும் வாங்கின கடனெல்லாம் காணாமல் போய்விடும் என்ற நினைப்புதான். நான் மேற்கு மாவட்டம் ஒன்றில் பதினாறு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். எங்கள் ஆபீஸில் ஐ.பி. கட்டுகள் மட்டும் ஒரு பீரோ நிறைய இருந்தன. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த நினைப்போடுதான் படியேறி வருவார்கள். ஐ.பி. எதைச் செய்யாது என்று முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொல்லும் வக்கீல் கிடைத்துவிட்டால் பாதிக் கஷ்டம் குறையும். 'எல்லாம் பார்த்துக்கலாம், வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்க' என்கிற வக்கீலிடம் போய் மாட்டினால் மூன்று வருடம் கழித்து மனு தள்ளுபடியாகி, அப்போது வேறு வக்கீலைத் தேடி எங்களிடம் வருவார்கள்.

அதனால் இதில் சட்டப் பாடம் நடத்தப்போவதில்லை. ஐ.பி. போட நினைப்பவர் சட்ட உதவியை எப்படித் தேடுவது, வக்கீலிடம் எதைக் கேட்பது, எதை எடுத்துக்கொண்டு போவது, எந்த இடத்தில் ஏமாறுவது என்பது மட்டும். தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், சென்னைக்காரர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை உண்டு.

முதலில், உங்களுக்கு ஐ.பி. தேவைதானா?

ஐ.பி. என்றால் இன்சால்வன்சி பெட்டிஷன். நொடிப்பு மனு, திவால் மனு என்றெல்லாம் எழுத்தில் வரும், கோர்ட் வளாகத்தில் டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அது ஐ.பி.தான். வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி உட்கார்ந்து, உங்களை நெருக்குவது எந்தக் கடன் என்று பிரித்துப் பாருங்கள். ஏனென்றால் ஒவ்வொரு நெருக்கடிக்கும் போக வேண்டிய வாசல் வேறு, வக்கீலும் வேறு.

லோன் ஆப், கிரெடிட் கார்டு ஏஜெண்டுகள் போன் போட்டுத் திட்டுகிறார்கள் என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் ஐ.பி. வேண்டாம். காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. முதலில் அந்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பு அதிகாரியிடம், போகலாம், விவரம் கேட்க 14448. கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி வகையறா என்றால் 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அது போலீஸ் புகாரில் தொடங்கும் வேலை.

வீட்டை அடமானம் வைத்து வங்கியில் வாங்கிய கடனா? ஐ.பி. அந்த வீட்டைக் காப்பாற்றாது. அடமானம் பிடித்தவரின் உரிமையை ஐ.பி. தொடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அடமானச் சொத்தைப் பிடித்துக் கடனை வசூலிக்க வங்கிக்கு வழி செய்யும் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் கெடு கொடுத்து நோட்டீஸ் அனுப்பும், அது முடிந்து சுவாதீனம் எடுக்க நடவடிக்கையில் இறங்கினால் அன்றிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அங்கே வழக்கு நடத்துகிற வக்கீல்தான் உங்களுக்கு வேண்டும், சப் கோர்ட் ஐ.பி. வக்கீல் இல்லை. இந்த 45 நாளை ஐ.பி. பேச்சிலேயே கழித்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செக் பவுன்ஸ் கேஸும் இதே கதைதான். அது குற்ற வழக்கு, ஐ.பி. போட்டிருக்கிறேன் என்று சொல்லி மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து தப்ப முடியாது. வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணத்தைக் கட்டவோ பேசி முடிக்கவோ பாருங்கள்.

ஐ.பி. உண்மையிலேயே உதவுவது யாருக்கென்றால், அடமானம் இல்லாமல் புரோநோட்டிலும் கைமாற்றாகவும் பலரிடம் வாங்கி, இருக்கிற சொத்தையெல்லாம் விற்றாலும் அடைக்க முடியாது என்கிற நிலைக்கு வந்து, நாலைந்து பேர் ஓ.எஸ். என்கிற சிவில் வழக்குப் போட்டு டிகிரி, அதாவது தீர்ப்பாணை, வாங்கி, அதில் ஒருவர் அதை நிறைவேற்றச் சொல்லி இ.பி. என்கிற மனு போட்டுக் கைது வாரண்ட் கேட்கிறார் என்ற கட்டத்தில் இருப்பவருக்கு. அந்த வாரண்டைப் பற்றியும் தேவையில்லாத பயம் நிறைய இருக்கிறது. கட்ட வழியில்லாதவரை வெறும் கடனுக்காக சிவில் சிறையில் போட முடியாது, வழியிருந்தும் கட்டாமல் ஏய்க்கிறார் என்று கடன் கொடுத்தவர் காட்ட வேண்டும். 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. பணத்துக்கான டிகிரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. மற்றவர்களைச் சிறையில் போட்டாலும் அதிகபட்சம் மூன்று மாதம்தான். உள்ளே இருந்து வந்ததால் கடன் கழிந்துவிடாது என்பது வேறு விஷயம். ஆக வாரண்ட் பயத்துக்காக மட்டும் ஐ.பி. போட வருபவரிடம், 'முதல்ல இ.பி.யில கவுண்டர், அதாவது பதில் மனு, போடுவோம், அப்புறம் யோசிக்கலாம்' என்று சொல்லும் வக்கீல் நல்ல வக்கீல்.

எந்தக் கோர்ட், எந்தச் சட்டம்

2016-ல் வந்த திவால் சட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, அதில் ஏழைக் கடனாளிக்கு 'ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, புத்தகத்தில். தனிநபர் பகுதி 2019 டிசம்பர் 1-லிருந்து அமலுக்கு வந்தது ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான்: கம்பெனி வாங்கிய கடனுக்கு பெர்சனல் கேரண்டி கொடுத்தவர்கள். நீங்கள் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் டைரக்டராக இருந்து அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால், கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு சென்னை என்.சி.எல்.டி.யில் (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) வழக்கு நடத்தும் வக்கீலிடம் போங்கள். மற்றவர்களுக்கு இன்னும் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். மாவட்டங்களில் 1920-ம் வருடத்து மாகாண நொடிப்புச் சட்டம், சென்னை நகரத்துக்கு மட்டும் 1909-ம் வருடத்துச் சட்டம்.

மாவட்டத்தில் மனு பெரும்பாலும் சார்பு நீதிமன்றத்துக்கு, அதாவது சப் கோர்ட்டுக்குப் போகும். நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் ஊர் எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்தக் கோர்ட். சொத்துகளைப் பார்க்கும் அதிகாரி அஃபிஷியல் ரிசீவர். சென்னைக்காரர்கள் உயர் நீதிமன்றத்துக்கே போக வேண்டும், அங்கே அந்த அதிகாரிக்கு அஃபிஷியல் அசைனி என்று பெயர். சென்னையில் குடியிருந்துகொண்டு சொந்த ஊர் சப் கோர்ட்டில் மனு போட்டு, எல்லை இல்லை என்று திரும்பி வந்த கட்டு ஒன்று எங்கள் பீரோவிலேயே இருந்தது. கடன் எவ்வளவு இருந்தால் போடலாம் என்று கேட்டால் சிரிப்பு வரும்: 500 ரூபாய். 1920-ல் எழுதிய தொகை, அப்படியே நிற்கிறது.

வக்கீலைப் பிடிப்பது

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. ஆகவே 'உங்கள் கடனிலிருந்து 100 சதவீதம் விடுதலை' என்று போனில் வீடியோ வந்தால், அது வக்கீல் இல்லை, வேறு யாரோ. இப்போது கடன் செட்டில்மென்ட் செய்து தருகிறோம் என்று நிறைய ஏஜென்சிகள் முளைத்திருக்கின்றன. மாதத் தவணையை நிறுத்துங்கள், எங்களுக்கு மாதம் இவ்வளவு கட்டுங்கள், வங்கியிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம் என்பார்கள். கோர்ட்டில் உங்களுக்காக நிற்க அவர்களால் முடியாது. கட்டிய பணமும் போய், தவணை நின்றதால் வழக்கும் வந்து, அதற்கப்புறம் எங்கள் படியேறிய இளைஞர் ஒருவர் கண்ணில் நிற்கிறார், கொரியர் வேலை பார்த்தவர். ஏஜென்சியோடு நடந்த பேச்சு முழுவதும் வாட்ஸ்அப்பில் இருந்தது, ரசீது ஒன்றுகூட இல்லை.

சரி, எங்கே தேடுவது? உங்கள் ஊர் சப் கோர்ட்டுக்கு ஒரு நாள் காலை பத்தரை மணிக்குப் போங்கள். வாசலில் அன்றைய கேஸ் லிஸ்ட் ஒட்டியிருப்பார்கள். ஐ.பி. என்று தொடங்கும் எண்களுக்குப் பக்கத்தில் யார் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். எந்த ஊரிலும் ஐ.பி. நடத்துகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். போக முடியாதவர்கள் இ-கோர்ட்ஸ் செயலியில் அந்தக் கோர்ட்டின் பட்டியலைப் பார்க்கலாம். தெரிந்த வக்கீல் இருக்கிறாரே என்று நிலத் தகராறு நடத்தும் சொந்தக்காரரிடம் போவதைவிட இது மேல். சொந்தக்காரர் என்றால் இன்னொரு தொந்தரவும் உண்டு. உங்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் பாதிப் பேர் அவருக்கும் சொந்தமாக இருப்பார்கள்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனால் மறந்துவிடும். இதுவரை எத்தனை ஐ.பி. நடத்தியிருக்கிறீர்கள், அதில் எத்தனை விடுவிப்பு (கடனிலிருந்து விடுவித்துக் கோர்ட் போடும் கடைசி உத்தரவு) வரை போனது? என் கடன்களில் எவையெல்லாம் ஐ.பி.யில் அடங்காது? எனக்கு ஜாமீன் போட்டவர் கதி என்ன? மனைவி பேரில் இருப்பதற்கு ஆபத்து உண்டா? ஃபீஸ் எவ்வளவு, அது மனு நம்பர் ஆகும் வரைக்கா, தீர்ப்பு வரைக்கா, விடுவிப்பு மனுவுக்கும் சேர்த்தா? கடைசிக் கேள்விதான் முக்கியம். மனுவுக்கு ஒரு தொகை பேசிவிட்டு, விடுவிப்புக்குத் தனியாக ஒரு தொகை கேட்கும்போது கொடுக்க வழியில்லாமல் விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் என்ன ஆகும் என்று கீழே சொல்கிறேன்.

ஃபீஸைத் தவிர செலவு என்ன என்றும் கேளுங்கள். கோர்ட் ஃபீ பெரிதில்லை. ஆனால் கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் அனுப்ப பேட்டா கட்ட வேண்டும், இருபது பேர் என்றால் இருபது பேருக்கும் மனு நகல் வேண்டும், தினசரியில் விளம்பரம் போட வேண்டும். இந்தப் பேப்பர் விளம்பரச் செலவு பலருக்கு எதிர்பாராத அடி. 'ஜெயித்தால் இத்தனை சதவீதம் கொடுங்க' என்று பேசுகிற வக்கீலிடம் போகவே வேண்டாம், முடிவைப் பொறுத்து ஃபீஸ் வாங்கக் கூடாது என்பதும் பார் கவுன்சில் விதிதான். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் வங்கிக் கணக்கில் போடுகிறேன் என்று சொல்லுங்கள், எடுத்த எடுப்பில் கோபித்துக்கொள்ளும் வக்கீல் பின்னால் போனையும் எடுக்க மாட்டார்.

வக்காலத்தில் வெற்றுத் தாளாகக் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் பெயர், பதிவு எண், கோர்ட் பெயர் எல்லாம் நிரப்பிய பிறகு போடுங்கள், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வக்கீலை மாற்ற வேண்டி வந்தால் பழையவரின் சம்மதம் வேண்டும், அவர் மறுத்தால் கோர்ட் அனுமதியோடு மாற்றலாம். அது உங்கள் உரிமை, துரோகம் ஒன்றும் இல்லை.

ஃபீஸ் கொடுக்கவே வழியில்லை என்றால்

கடனாளிதானே, வக்கீலுக்கு எங்கிருந்து பணம் என்று மலைத்து, அதற்கும் ஒரு கைமாற்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். ஒவ்வொரு மாவட்டக் கோர்ட் வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா கோர்ட்டுகளில் வட்ட சட்டப் பணிகள் குழு. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வக்கீல் ஃபீஸ் மட்டுமில்லை, கோர்ட் ஃபீ, பேட்டா போன்ற செலவுகளும் இதில் அடங்கும். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

அங்கே போகும்போது ஆதார், வருமானச் சான்று, வந்திருக்கும் சம்மன், நோட்டீஸ் நகல்களோடு போங்கள். விண்ணப்பத்தில் 'கடன் பிரச்சினை' என்று மொட்டையாக எழுதாமல், 'இத்தனை பேரிடம் இவ்வளவு கடன், இன்ன கோர்ட்டில் இ.பி. நிலுவை, நொடிப்பு மனு தாக்கல் செய்ய வக்கீல் வேண்டும்' என்று எழுதுங்கள். இல்லையென்றால் ஆலோசனையோடு அனுப்பிவிடுவார்கள். ஒதுக்கும் வக்கீலுக்கு ஐ.பி. பழக்கம் இல்லை என்று தெரிந்தால், பழக்கம் உள்ளவரை ஒதுக்கச் சொல்லிச் செயலாளருக்கு ஒரு மனு எழுதலாம். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோவென்று நடத்துவார் என்ற பேச்சை நான் முழுசாக ஏற்க மாட்டேன். சில பேர் அப்படித்தான். ஆனால் எங்கள் கோர்ட்டில் ஐ.பி.யை நன்றாக நடத்திய இருவரில் ஒருவர் சட்ட உதவி பேனலில் இருந்தவர்.

அங்கேயே இன்னொன்றையும் கேட்டுவிட்டு வாருங்கள்: லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம். வருடத்துக்கு நான்கு முறை தேசிய லோக் அதாலத் நடக்கிறது, வழக்கு வருவதற்கு முன்பே வங்கிக் கடனை அங்கே பேசி முடிக்கலாம். அங்கே எழுதும் முடிவுக்கு அப்பீல் கிடையாது. ஆகவே கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். கடன் கொடுத்தவர்கள் நாலு பேர்தான், அதில் மூன்று வங்கி என்றால் ஐ.பி.யே தேவைப்படாமல் போகலாம்.

மஞ்சப்பையும் நோட்டும்

ஒருநாள் விசைத்தறிக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். நாலு தறி, நூல் விலை ஏறியதில் மாட்டியவர். கையில் மஞ்சப்பை, உள்ளே பேங்க் பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, புரோநோட்டு நகல் எல்லாம் ஒன்றாக. மொத்தம் பதினோரு பேருக்குக் கடன் என்றார். வக்கீல் பேர் பேராக எழுதிக்கொண்டே வந்தார்.

"இன்னும் யாராச்சும் இருக்காங்களா?"

"அவ்வளவுதானுங்க சார்."

அந்த அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு மெதுவாக, "ஏனுங், எங்கண்ணன்கிட்ட வாங்குன ரெண்டு லட்சம்?" என்றார். அவர், "அது நம்ம வீட்டுக் கணக்கு, அதெல்லாம் எதுக்கு" என்றார். வக்கீல் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் எழுதியதில் பட்டியல் பதினோரு பேரிலிருந்து பத்தொன்பது ஆனது: மளிகைக் கடை பாக்கி, மகளிர் குழுக் கடன், சீட்டு எடுத்துவிட்டுக் கட்டாத தவணை, தறிப் பட்டறை வாடகை.

மனுவில் எல்லாக் கடன்காரர் பெயரும் முகவரியும் தொகையும் இருக்க வேண்டும் என்பது சட்டம். மச்சானை விட்டுவிட்டு அவருக்கு மட்டும் பின்னால் ரகசியமாகக் கொடுத்தால், மற்றவர்கள் கண்டுபிடிக்கும் நாளில் மனுவே ஆட்டம் காணும். அதனால் வக்கீலிடம் போவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் யாருக்குத் தர வேண்டும், எப்போது வாங்கியது, எதற்காக, எழுத்தில் என்ன கொடுத்தீர்கள், இதுவரை எவ்வளவு கட்டியிருக்கிறீர்கள், ஜாமீன் யார். வலது பக்கம் உங்களுடையது என்று சொல்லக்கூடிய எல்லாமே: நிலம், வீடு, வண்டி, தறி, நகை, எல்.ஐ.சி., வங்கி இருப்பு, உங்களுக்கு வர வேண்டிய பாக்கி, பூர்வீகத்தில் பாகம் பிரியாத பங்கு. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கும் சொத்துதான். எல்லாம் போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், பி.எஃப். பணம் போன்றவற்றைத் தொட முடியாது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை.

பிறகு வக்கீலிடம் நீங்களாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, அவர் கேட்காவிட்டாலும். கடந்த இரண்டு வருடத்தில் எதையாவது யார் பேருக்காவது மாற்றியிருக்கிறீர்களா? ஐ.பி. போடப் போகிறோம் என்று தெரிந்ததும் வீட்டை மனைவி பேருக்கோ மகன் பேருக்கோ தான செட்டில்மென்ட் எழுதிவிடுவது இங்கே ஒரு வழக்கமாகவே இருக்கிறது. பெரும்பாலும் பத்திர ஆபீஸ் வாசலில் யாரோ சொல்லிக்கொடுத்த யோசனை. மனு போட்ட நாளுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் அப்படி எழுதியதை ரிசீவர் ரத்து செய்யக் கேட்கலாம். முந்தைய மூன்று மாதத்துக்குள் ஒரே ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததையும் திரும்ப இழுக்கலாம். கடன் கொடுத்தவர் வக்கீல் முதல் வேலையாக இணையத்தில் வில்லங்கம் எடுத்துப் பார்ப்பார். அதில் எட்டு மாதத்துக்கு முந்தைய செட்டில்மென்ட் இருந்தால், கூண்டில் ஏறி நின்று நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் வக்கீலுக்கே அப்போதுதான் தெரிகிறது என்றால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியாது. மறைத்தது நிரூபணமானால் சிறைத் தண்டனை வரைக்கும் போகும். ரம்மி, ஷேர் ட்ரேடிங், ஆன்லைன் சூதாட்டம் என்று பணம் போயிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். விடுவிப்புக் கேட்கும்போது அது எதிராக வரும், வக்கீல் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.

மனு போட்ட பிறகு

மறுநாளிலிருந்து யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மனு போட்டதாலேயே வழக்குகள் நின்றுவிடாது. மனு ஏற்கப்பட்டு, எல்லோருக்கும் நோட்டீஸ் போய், பேப்பரில் விளம்பரம் வந்து, உங்களை விசாரித்து, நொடித்தவர் என்று கோர்ட் உத்தரவு போட்ட பிறகுதான் தடை வரும், அதற்கப்புறம் கோர்ட் அனுமதி இல்லாமல் யாரும் புதிதாக வழக்குப் போட முடியாது. கைது செய்யாமல் இருக்கப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அது தானாக வராது, உங்கள் வக்கீல் மனு போட வேண்டும். நடுவில் சொத்து ஏலத்துக்கு வருகிறது என்றால், ஐ.பி. ஏற்கப்பட்டிருக்கிறது என்று இ.பி. நடக்கும் கோர்ட்டுக்குத் தெரிவித்து, சொத்தை ரிசீவரிடம் ஒப்படைக்கக் கேட்க வழி இருக்கிறது. இ.பி.யை ஒரு வக்கீலும் ஐ.பி.யை இன்னொரு வக்கீலும் நடத்தினால் இந்த இடத்தில்தான் கோட்டை விடுவார்கள், இருவரையும் போனில் பேச வைப்பது உங்கள் வேலை.

வாய்தாவுக்கு வாய்தா போங்கள். வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று இருந்தால், விசாரணைக்கு நீங்கள் வரவில்லை என்றே மனு தள்ளுபடியாகும். சி.என்.ஆர். எண் என்று பதினாறு எழுத்து கொண்ட ஒரு எண் உங்கள் வழக்குக்கு இருக்கும். குமாஸ்தாவிடம் அதை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதி, அன்றைக்கு என்ன நடந்தது எல்லாம் வீட்டிலிருந்தே தெரியும். குமாஸ்தாவோடு சிநேகமாக இருங்கள், நான் குமாஸ்தா என்பதால் சொல்லவில்லை, வக்கீலைவிட தேதி எங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

குறுக்கு விசாரணையில் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வாங்கிய பணத்தை என்ன செய்தீர்கள், கணக்கு எழுதினீர்களா, மகள் கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட்டீர்கள், இப்போது சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள். கோபப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள். முந்தின நாள் அரை மணி நேரம் உட்கார்ந்து இந்தக் கேள்விகளை உங்களோடு ஓட்டிப் பார்க்காத வக்கீலிடம், 'சார், ஒரு தடவை பேசிடலாமா' என்று நீங்களாகவே கேளுங்கள். மனு தள்ளுபடியானால் அன்றைக்கே தீர்ப்பு நகலுக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். மாவட்டக் கோர்ட்டில் அப்பீலுக்கு 30 நாள்தான்.

நொடித்தவர் என்று உத்தரவு வந்ததும் பலர் வேலை முடிந்தது என்று கோர்ட் பக்கமே வராமல் போய்விடுகிறார்கள். முடியவில்லை. அந்த உத்தரவிலேயே, இத்தனை காலத்துக்குள் விடுவிப்புக்கு மனு போட வேண்டும் என்று கோர்ட் ஒரு கெடு எழுதியிருக்கும். அதற்குள் போடாவிட்டால் உத்தரவு ரத்து, கடன்காரர்கள் எல்லோரும் பழையபடி வரலாம், மறுபடி ஐ.பி. போடவும் கோர்ட் அனுமதி வேண்டும். விடுவிப்பு கிடைக்காத வரைக்கும் நீங்கள் நொடித்தவர்தான். தேர்தலில் நிற்க முடியாது. 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினால்கூட நிலைமையைச் சொல்லாமல் வாங்குவது குற்றம். அரசு வேலையில் இருப்பவர்கள் நடத்தை விதிப்படி மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டியதைப் பற்றி மனு போடும் முன்பே வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுவிப்பு வந்தாலும் அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, மோசடி செய்து வாங்கியது, மனைவி மக்களுக்குக் கோர்ட் போட்ட ஜீவனாம்சம் இவை போகாது. உங்களுக்கு ஜாமீன் போட்டவரும் விடுபட மாட்டார். உங்களை விட்டுவிட்டு அவரைப் பிடிப்பார்கள். மனு போடுவதற்கு முன் அவர் வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிவிடுங்கள், பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

அந்த விசைத்தறிக்காரருக்கு உத்தரவு வந்த அன்று வக்கீல் கெடு தேதியைச் சொன்னதும், அந்த அம்மா ஆபீஸ் சுவரில் தொங்கிய மளிகைக் கடைக் காலண்டரைக் காட்டி, "இதுல அடுத்த வருஷம் இல்லீங்களே" என்றார். நான் மஞ்சப்பையிலிருந்த நாற்பது பக்க நோட்டை வாங்கி, அட்டையின் உள்பக்கம் கெடு தேதியைச் சிவப்பு மையில் எழுதி, அதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி ஒன்றையும் போட்டு, 'வக்கீலைப் பார்க்க' என்று எழுதிக் கொடுத்தேன்.